வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்த சாரோங்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் நாங்கள் காஜா பெராங்கில் வாடகைக்கு இருந்தோம். பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசத் தொடங்கிவிட்ட செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியை ஒட்டிய வரிசையில் கடைசி வீடு. நான் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அம்மா தனியாக இருந்தார். ஐம்பது வயதிருக்கும், கணவர் இல்லை. பேச்செல்லாம் மலாய்தான், நடுவில் நாலைந்து தமிழ்ச் சொற்கள் வரும். என்னைத் "தம்பி" என்பார். நான் அவரை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. எங்களுக்குள் ஆகவில்லை.

காரணம் அவருடைய ஆடுகள். மூன்று வைத்திருந்தார், ஒன்றையும் கட்டமாட்டார். அந்த ஆகஸ்டில் ஊரெங்கும் மெர்டேக்கா என்று சுதந்திரத்தை வாழ்த்தும் துணிப் பதாகைகள் கேட்டார்கள். ஒரு துணிக்கடைக்கு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியதை முற்றத்தில் காயப் போட்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கிடா அதில் பாதியைத் தின்றுவிட்டு மிச்சத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. வேலிக்குப் போய்க் கத்தினேன். அவர் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. ஆட்டுக்குப் படிக்கத் தெரியாது, உன் துணியை நீ உயரத்தில் கட்டு என்றார். அவர் வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பெரிய காற்று அடித்தது. அவர் துணிக்கொடியில் கிடந்த, லுங்கிபோல் இடுப்பில் சுற்றும் சாரோங் ஒன்று வேலி தாண்டி எங்கள் பக்கம் விழுந்தது. பழைய துணி. காவி நிறத்தில் கொடியும் பூவும், ஓரத்தில் நீல நூலால் தைத்த ஒட்டு. எடுத்து மடித்து என் பெயிண்ட் டின்களுக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் வந்து கேட்டார். பார்க்கவில்லை என்றேன். அதற்கடுத்த நாளும் வந்தார். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மூன்றாம் நாள் சாக்கடை ஓரமாகக் குனிந்து தேடிக்கொண்டு போனார்.

"குடுத்துடுங்களேன். பாவம், தேடுறாங்க" என்றாள் என் மனைவி.

என் பதாகையை யார் திருப்பிக் கொடுத்தார்கள் என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் டவுனில் ஒரு மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார்கள். விலங்குகள்தான் பொருள். வர்ணத்தோடு எதை வேண்டுமானாலும் ஒட்டிச் செய்யலாம், புதுநாட்டுக்குப் புதுமாதிரி வேண்டும் என்றார் கண்காட்சிச் செயலாளர். அவர் ஓர் ஆங்கிலப் பள்ளி வாத்தியார், தமிழர்தான்.

ஒரு பழைய கதவுப் பலகையை எடுத்தேன். இரண்டு காலில் நிற்கும் ஓர் ஆட்டை வரைந்தேன். தாடிக்குத் தேங்காய் நார், கண்ணுக்குச் சிப்பி, உடம்புக்குக் கோணிச்சாக்கு. தலையில் அந்த அம்மா போடும் கொண்டை, இடுப்பில் அவர் செருகும் சாவிக்கொத்து. முகவாயை அவரைப் போலவே தூக்கி வைத்தேன். கீழே அந்தச் சாரோங்கைக் கொசுவி வஜ்ஜிரப் பசை போட்டு ஒட்டினேன். என் கை அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை. அத்தனையும் வெறுப்பில் செய்தது.

மண்டபத்தில் சுவர் நெடுகப் புலிகள். எல்லாம் காலண்டரைப் பார்த்து எழுதியவை. நடுவே யானை, சருகுமான், மணல் ஒட்டிய ஆமை. செயலாளர் என் ஆட்டை வாசலுக்கு எதிரே மாட்டினார். கூட்டம் அதன் முன்னால்தான் நின்றது. காஜா பெராங்கிலிருந்து வந்தவர்கள் பார்த்த உடனே அடையாளம் கண்டார்கள். சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், சிலர் என்னை முறைத்தார்கள். இரண்டுமே எனக்கு இனித்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் அந்த அம்மாவே வந்தார். சப்பாத்துப் போட்டு, குடை பிடித்து, நல்ல கெபாயாச் சட்டை உடுத்தி வந்திருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் தானாக விலகியது. அவர் கொண்டையையும் சாவியையும் பார்த்தார், முகத்தையும் பார்த்தார். பிறகு குனிந்து ஓரத்திலிருந்த நீல ஒட்டைத் தடவினார்.

"மா பூஞ்ஞா சாரோங்" என்றார். என் அம்மாவுடைய சாரோங்.

பாசாரில் வாங்கியது என்றேன் நான். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் மலாயில் பேசினார். என் முகத்தை ஆட்டுக்கு வை, நான் கேட்கமாட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் அம்மா துணியையெல்லாம் ஒவ்வொன்றாக அரிசிக்கு மாற்றினோம், மிஞ்சியது இது ஒன்று, இந்த ஒட்டுப் போட்டது அம்மா கை என்றார். சொல்லிவிட்டுக் குடையைக் கீழே போட்டு, இரண்டு கையாலும் துணியைப் பிடித்து இழுத்தார். பசை விடவில்லை. ஒரு சாண் அகலத்துக்குக் கிழிந்துதான் வந்தது.

செயலாளர் ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். துணி அந்த அம்மாவுடையதுதான் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் படத்தைக் கிழித்துவிட்டாளே என்ற ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கிழிந்த துண்டைக் கையில் சுருட்டியபடி அவர் வெளியே கொண்டுபோய் விடப்பட்டார். குடை அங்கேயே கிடந்தது.

வீட்டுக்குப் போனபோது விஷயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி சோறு போட்டு வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"நீங்க செஞ்சது திருட்டு" என்றாள். "பொய் வேற. நாளைக்கு அவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

கண்காட்சி முடிந்ததும் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து, கொதிநீர் ஊற்றி ஊற்றித் துணியைப் பிரித்தேன். நான்கு துண்டாக வந்தது, பசையேறி அப்பளம்போல் விறைத்திருந்தது. குடையையும் அதையும் எடுத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன். தப்பு என்னுடையதுதான் என்று மலாயில் சொன்னேன். அவர் குடையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"அது ஆட்டோட துணி. ஆட்டுக்கே குடு."

மலாயில் இவ்வளவுதான் சொன்னார். கதவைச் சாத்தினார்.

அப்போது எனக்கு வந்தது வெட்கமில்லை, கோபம்தான். இறங்கி வந்து தப்பை ஒத்துக்கொண்டவனை இப்படியா என்று பல நாள் புகைந்தேன். அவர் என்னை மன்னித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. வரிசையில் யாரும் என்னோடு பேசவில்லை. கல்யாண வீடுகளுக்கு என் மனைவியை மட்டும் அழைத்தார்கள், அவளும் போய்வந்தாள்.

இரண்டு வருடம் பொறுத்துவிட்டுச் செங் என்ற ஊர்ப் பக்கம் வீடு பார்த்தோம். சாமான்களை லாரியில் ஏற்றி முடிக்கும்வரை அந்த அம்மா தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் மனைவி கிட்டே போய் விடைபெற்றாள். அவளுக்குத் தலையசைத்தார். லாரி நகர்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமுமாக வந்து, நாங்கள் காலிசெய்த வீட்டின் படியைக் கழுவத் தொடங்கினார்.