துவக்கோடு ரெயிலேறிய அக்கா

ஊரிலுள்ள சொந்தங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிட்னியில் அக்கா துவக்கோடு ரெயிலில் திரிந்தார் என்று உங்களுக்கு வந்த கதை உண்மைதான். ஆனால் அது வாய்க்கு வாய் மாறி, அக்கா கள்ளனைச் சுட்டார், பொலிசார் பிடித்தார்கள் என்றெல்லாம் வளர்ந்து யாழ்ப்பாணத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. அக்கா காலமான முப்பத்தோராம் நாளில் உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலரில், நடந்ததை நடந்தபடி எழுதுவது தங்கையான என் கடமை.

சாவகச்சேரியில் எங்கள் வீட்டு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. ஐயா இளவயதிலேயே காலமானதால், படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் இருந்து எங்களை ஆளாக்கினார். எடுத்த காரியத்தை அவர் இடையில் விட்டதை நான் கண்டதில்லை. இனி ஆகாது என்று மற்றவர்கள் கையை உதறும் இடத்தில்தான் அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகுவார். எழுபதுகளின் தொடக்கத்தில் அத்தானுக்குச் சிட்னியில் வேலை கிடைத்து, இருவரும் பென்டில் ஹில்லில் குடியேறினார்கள். பிறகு என்னையும் அழைத்துக்கொண்டார்கள்.

எங்கள் நிறத்தைப் பார்த்ததும் வீடு இல்லை என்று பலர் சொன்ன அந்த நாளில், தன் பின்வீட்டுத் திறப்பைக் கையில் தந்தவர் ஜாக். மனைவியை இழந்த முதியவர். முன்வீட்டில் அவரும் பின்வீட்டில் நாங்களும் இருந்தோம். காணியில் கோழி வளர்த்தார். காலையில் கோழிகளுக்குத் தீன் போட்டதும் எங்கள் குசினிக்கு வந்து அக்காவின் தேநீரைக் குடிப்பார். அக்காவின் ஆங்கிலம் அரைகுறை, ஜாக்கின் தமிழ் பூச்சியம். ஆனாலும் இருவரும் ஓயாமல் கதைப்பார்கள்.

ஜாக்கிடம் அவருடைய தகப்பன் காலத்துத் துவக்கு ஒன்று இருந்தது. விசைக்குக் கீழே ஒரு பிடி. அதை முன்னே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெறுங்கோது வெளியே துள்ளி விழும். பின்னே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போகும். அதன் நடுப்பகுதி பித்தளை. கோழிக்கு நரி வந்தால் அதைத்தான் எடுப்பார். தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்புவதும் அவரேதான்.

ஒரு நவராத்திரிக் காலத்தில் ஜாக் உறவினரைப் பார்க்க வெளியூர் போனார். வீட்டையும் துவக்கையும் அக்காவிடம் ஒப்படைத்தார். ஆயுதபூசை வந்தது. அத்தானின் வேலைக் கருவிகளும் அக்காவின் தையல் மெஷினும் சாமி படத்துக்கு முன்னால் ஏறின. உண்மையான ஆயுதம் ஒன்று மூலையில் கிடப்பது அக்காவுக்குச் சரியாகப் படவில்லை. கறுத்துப்போன பித்தளையோடு அதைச் சாமிக்கு முன் வைக்கவும் மனம் வரவில்லை. ஊரிலிருந்து பார்சலில் வந்த பழப்புளியைக் கரைத்து, உப்பும் சேர்த்து, குத்துவிளக்குத் துலக்குவதுபோல் தேய் தேய் என்று தேய்த்தார். துவக்கு பவுண் போல மின்னியது. சந்தனப் பொட்டும் வைத்தார். புளித்தண்ணீர் உள்ளே இறங்கியதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

திரும்பி வந்த ஜாக், அந்த மினுக்கத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அடுத்தமுறை நரி வந்து அவர் சுட்டபோது கோது வெளியே வரவில்லை. உள்ளேயிருக்கும் சிறு கொக்கி அதைப் பிடித்து இழுக்காமல் வழுக்கியது. குழல் வாயால் கம்பி விட்டுக் குத்தித்தான் கோதை எடுத்தார். மறுபடி சுட்டார், மறுபடி அதே கதை. ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போனார். மறுநாள் தேநீருக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

"அந்த மனுசன் ஒண்டும் சொல்லேல்லையே. நீர் ஏன் கிடந்து அந்தரப்படுறீர்?" என்றார் அத்தான்.

"சொல்லாமல் இருக்கிறதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. நாலு ஏச்சு ஏசியிருந்தால் நான் நிம்மதியா நித்திரை கொண்டிருப்பன். பழுதாக்கினது நான். நான்தான் திருத்திக் குடுப்பன்" என்றார் அக்கா.

ஜாக்கிடம் துவக்கைக் கேட்டு வாங்கினார். அவர் முகம் பார்க்காமலே தந்தார். புளிக்கதையைச் சொல்ல அன்று அக்காவுக்கு நா எழவில்லை. பழைய சீத்தைச் சேலையில் துவக்கைச் சுற்றிக்கொண்டு ரெயிலேறினார். என்ன இது என்று கேட்ட ரிக்கெற் பரிசோதகரிடம், துவக்கு, ஆனால் வேலை செய்யாது என்றார். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அப்போது இங்கே அது பெரிய விடயமில்லை. துவக்கைவிடச் சேலையைத்தான் எல்லாரும் உற்றுப் பார்த்தார்கள்.

நகரத்திலே துவக்குத் திருத்துகிற ஒருவர், இதைச் சுவரில் மாட்டி அழகு பாருங்கள் என்றார். பரமற்றாவில் ஒருவர், இதற்கு உதிரிப்பாகம் உலகத்திலேயே இல்லை என்று கையை விரித்தார். அக்கா சளைக்கவில்லை. கண்ட இரும்புக்கடைகளில் எல்லாம் விசாரித்து, மெரிலேண்ட்ஸில் வீட்டுக் கொட்டிலில் இந்த வேலை செய்யும் மோல்ற்றா நாட்டவர் ஒருவரைக் கண்டுபிடித்தார். அன்று எனக்கு விடுமுறை. நானும் கூடப் போனேன். பழைய துவக்குகளைத் தொடுவதில்லை என்று அவர் வாசலிலேயே சொன்னார்.

அக்கா உள்ளே போய்க் கதிரையில் இருந்தார். துவக்கு மடியில்.

"வாங்கோ அக்கா, போவம். வெக்கமாயிருக்கு" என்றேன்.

"உனக்கு வெக்கமெண்டால் நீ போ. நான் இவர் பாக்கிறமட்டும் இருக்கிறன்."

ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அக்கா அசையவில்லை. கடைசியில் மோல்ற்றாக்காரர் சினந்துகொண்டு துவக்கைப் பறித்து, வெளிச்சம் அடித்து உள்ளே பார்த்தார். இதற்குள் என்ன ஊற்றினீர்கள் என்று கத்தினார். புளி என்றால் என்ன, அதை எதற்குக் கறிக்குப் போடுவோம், எதற்கு விளக்குக்குப் போடுவோம் என்றெல்லாம் அக்கா தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். மனிதர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. தோட்டா இருக்கும் இடம் துருவேறிச் சொரசொரத்துப்போனதால் கோது இறுகுகிறது, கொக்கியின் நுனியும் அரிபட்டுவிட்டது, அதனால்தான் வழுக்குகிறது என்றார். புதுக் கொக்கியை உருக்கிலிருந்து அராவியெடுக்க ஒப்புக்கொண்டார். ஆனால் சொந்தக்காரர் நேரில் வந்து சுட்டுப் பார்த்த பிறகுதான் துவக்கைத் தருவேன் என்றார்.

இனி ஒளிக்க வழியில்லை. ரெயிலில் வரும்போது அக்கா அந்த ஆங்கில வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். வீடு வந்ததும் நேரே ஜாக்கின் கதவைத் தட்டினார். "நான் புளி போட்டுக் கழுவினேன். நான்தான் பழுதாக்கினேன். மன்னியுங்கள்."

ஜாக் நின்ற இடத்திலேயே படியில் அமர்ந்துவிட்டார். வயதால் நடுங்கும் கையால் தோட்டாவில் தாம்தான் மருந்தைக் கூடுதலாக நிரப்பிவிட்டோம், அதனால்தான் கோது இறுகுகிறது என்று இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறார். இந்தக் கையோடு உங்கள் முன்னால் கோப்பை பிடிக்கவே கூச்சமாக இருந்தது என்றார். இனித் துவக்கைத் தொடுவதில்லை என்று கோழிகளை விற்கவும் ஆள் பேசியிருந்தாராம்.

"ஐயோ கடவுளே, என்ரை புளியாலையோ நீங்கள் உங்களை நொந்துகொண்டு இருந்தனீங்கள்?" என்று அக்கா தமிழிலேயே அழுதார். ஜாக்குக்கு அது விளங்கியது.

மோல்ற்றாக்காரர் கூட்டிச்சென்ற பண்ணையில் ஜாக் சுட்டார். பிடியைத் தள்ளியதும் கோது துள்ளி அக்காவின் காலடியில் விழுந்தது. இன்னொன்று, பிறகு இன்னொன்று. எறும்பைக்கூட மிதிக்காத அக்கா, ஒவ்வொரு வெடிக்கும் கை தட்டினார். ஜாக் கோழிகளை விற்கவில்லை.

வெஸ்ட்மீட்டில் புதிதாகத் திறந்த வைத்தியசாலையில் நோயோடும் அக்கா அப்படித்தான் போராடினார். அதை மட்டும் அவரால் வெல்ல முடியவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. அவரைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவருக்கும், ஐயர் இல்லாத ஊரில் தேவாரம் பாடி வழியனுப்பிய அன்பர்களுக்கும், ஊரிலிருந்து தந்தியடித்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். உரித்துக்காரர் வாய்க்கரிசி போடும்போது ஜாக் சுவரோரம் ஒதுங்கி நின்றார். "அவருக்கும் அரிசி குடுங்கோ" என்றார் அத்தான். நடுங்கிய கையிலிருந்து அரிசி நிலத்தில் சிந்திவிட்டது. வேறு அரிசி தருகிறோம் என்று நாங்கள் சொன்னதை அவர் கேட்கவில்லை. முழங்காலில் இருந்து, ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார். அத்தனையும் அக்காவின் வாயில் சேர்ந்த பிறகுதான் பெட்டியை மூடினோம்.