ஒன்னாம் வகுப்புக் கூட்டத்துக்கு யார் வந்தது

என் மகளுக்கு நான் மாமா. சிரிக்காதீங்க, உள்ளதைத்தான் சொல்றேன்.

நான் கொழும்புல ஒரு இரும்புக் கடையில நிக்கிறேன். என் சம்சாரம், பிள்ளை நடக்கப் பழகுற நேரத்துலயே வீட்டு வேலைக்கு வெளிநாடு போயிட்டா. பிள்ளை வளர்றது தலவாக்கலைப் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல, என் மச்சான் வீட்டுல. மச்சான்னா சம்சாரத்தோட அண்ணன். அவருக்கு ரெண்டு பயலுக. அவனுங்க அவரை அப்பாங்கிறானுங்க, இவளும் அவரை அப்பாங்கிறா. அவனுங்க என்னை மாமாங்கிறானுங்க, இவளும் என்னை மாமாங்கிறா. லயத்துல ஒத்தை அறைக் காம்பிராவுல ஒரே பாயில படுத்து எந்திரிக்கிற பிள்ளைங்க வாயில அப்படித்தான் வரும், எங்க பக்கத்துல இதை யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல. வளந்தா தானா மாறிடும்னு மச்சான் சொல்லுவாரு. நானும் ஈன்னு இளிச்சு வைப்பேன். உள்ளுக்குள்ள வயிறு எரியும். ஆனா தீவாளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் பையைத் தூக்கிக்கிட்டு வர்றவன், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு "என்னை அப்பான்னு கூப்பிடு"ன்னு அதட்டுறது?

இந்தத் தடவை பொங்கல் லீவுல வந்தவன் கொஞ்ச நாள் கூடத் தங்கிட்டேன். அப்பத்தான் ஸ்கூல்ல ஒன்னாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். மச்சானுக்குக் கொழுந்து நிறுக்கிற எடத்துல வேலை, விட்டுட்டு வர முடியாது. "நீங்களே போய்ட்டு வாங்க மாப்பிள்ளை, நீங்கதானே போகணும்"னு சொன்னாரு. எனக்குத் தலைகால் புரியல. தீவாளிச் சட்டைய எடுத்து அயன் பண்ணிப் போட்டேன், சென்ட் வேற அடிச்சேன். கல்யாணத்துக்குப் போற மாதிரில்ல போறீங்கன்னு மச்சான் சம்சாரம் கேலி பண்ணுச்சு. பண்ணட்டும்னு பிள்ளை கையைப் புடிச்சுக்கிட்டு மேட்டுல ஏறினேன். பனி மூட்டத்துல ஸ்கூல் கூரை மட்டும் தெரிஞ்சுச்சு.

வகுப்புல எல்லாம் சின்னப் பிள்ளைங்க கதிரை. உக்காந்தா முட்டி நாடியில வந்து இடிக்குது. வந்தவங்கள்ல பாதிப் பேர் மலையில கொழுந்து பறிச்சிட்டு நேரா வந்த அம்மாமாருங்க. டீச்சர் சின்ன வயசுதான், ஆனா பேச்சு வெட்டு ஒன்னு துண்டு ரெண்டு. முதல் ரெண்டு வாரமும் எழுத்துப் படிப்பிக்கல, பிள்ளைங்களை விளையாட விட்டு, பேச விட்டு, யாரு எப்படின்னு பாத்தோம்னாங்க. அதனால, "இன்னும் அனா கூட எழுதலயே"ன்னு வீட்டுல யாரும் பிள்ளைய அடிக்கக் கூடாது. காலையில பிஸ்கட் பாக்கெட்டைக் கையில திணிச்சு அனுப்பக் கூடாது, ரொட்டின்னாலும் சமைச்சதா இருக்கணும். மழைன்னு மறிச்சு வைக்கக் கூடாது, இங்க மழை விட்ட பிறகு அனுப்புறதுன்னா பிள்ளை ஸ்கூலுக்கே வராது. எல்லாரும் சிரிச்சோம். அதுவரைக்கும் நான் சந்தோஷமாத்தான் இருந்தேன்.

அப்புறம் ஒவ்வொரு பிள்ளையப் பத்தியும் சொன்னாங்க, எல்லார் காதுலயும் விழுற மாதிரி. எங்க முறை வந்ததும் பிள்ளைகிட்ட யாரு வந்திருக்கான்னு கேட்டாங்க. "எங்க மாமா!"ன்னு அவ பெருமையா சொன்னா.

பிள்ளைக்குக் கூச்சமே இல்லயாம், கேட்டதுக்கெல்லாம் டக்குனு பதிலாம். தலை யாரு சீவி விட்டதுன்னு கேட்டா அப்பா. ராத்திரி கதை சொல்றது அப்பா. இருட்டுன்னா பயம், அதனால கக்கூசுக்கு டோர்ச் அடிச்சுக் கூட்டிட்டுப் போறதும் அப்பாதானாம். முன்னால இருந்த ஒரு அம்மா திரும்பி, இப்படி ஒரு அப்பன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு சொன்னாங்க. எனக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு. என் பிள்ளைக்கு இருட்டுன்னா பயம்னே எனக்கு அப்பத்தான் தெரியும்.

"இன்னைக்கு அப்பா வரலையா?"ன்னு டீச்சர் என்னைக் கேட்டாங்க.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. நான்தான் அப்பான்னு சொன்னா, அப்ப தலை சீவி விடுறது யாரு, கதை சொல்றது யாருன்னு அடுத்த கேள்வி வரும். அத்தனை அம்மாமாரும் என் சட்டையையும் சென்டையும் பாப்பாங்க. அந்தப் பார்வையை நெனச்சாலே எனக்கு உடம்பு கூசிப் போச்சு.

"இல்லிங்க டீச்சர். அவருக்கு வேலை. அப்பா வரல."

பிள்ளை என்னை நிமிந்து பாத்தா. நான் அவ பக்கம் திரும்பல. பிள்ளைய நல்லா வளத்திருக்காருன்னு அவர்கிட்ட சொல்லச் சொல்லி டீச்சர் சொன்னாங்க, நானும் சரிங்கன்னு மாடு மாதிரித் தலையாட்டினேன். சீ, நானெல்லாம் ஒரு மனுசனான்னு இருந்துச்சு.

கூட்டம் முடிஞ்சு இறங்கினோம். வரும்போது வாய் ஓயாம பேசிக்கிட்டு வந்தவ, இப்ப தரையைப் பாத்துக்கிட்டே நடந்தா. பசிக்குதான்னு கேட்டேன், இல்லன்னா. தூக்கிக்கவான்னு கேட்டேன், வேணாம்னா. டீச்சர் பாராட்டினதுல பெரிய மனுசி ஆயிட்டியோன்னு சீண்டிப் பாத்தேன். அதுக்கும் சிரிக்கல. கோயில் வளைவு தாண்டினதும் அப்படியே நின்னுட்டா.

"மாமா, நீங்க வந்தீங்கதானே? அப்புறம் ஏன் டீச்சர்கிட்ட அப்பா வரலன்னு சொன்னீங்க?"

நான்தான் அப்பான்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எப்பவுமே தெரிஞ்சிருக்கு. வாய்தான் பழக்கத்துல மாமாங்குது. தெரியாதுன்னு நெனச்சு இத்தனை காலம் நான் மச்சான் மேல கறுவிக்கிட்டு இருந்திருக்கேன். கடைசியில நான் அவ அப்பன் இல்லன்னு சொன்னது அவ இல்ல, மச்சானும் இல்ல, நான்தான். அதுவும் அவ பக்கத்துலயே நின்னுக்கிட்டு.

அந்த எடத்துலயே பூமி பொளந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. பிள்ளை பதிலுக்குக் காத்துக்கிட்டு நின்னா. வாம்மான்னு கையைப் புடிச்சுக்கிட்டு வந்த வழியே திரும்ப ஏறினேன்.

டீச்சர் வராந்தாவுல நின்னாங்க, சுத்தி இன்னும் நாலஞ்சு அம்மாமாரு. எல்லாரும் போற வரைக்கும் ஓரமா நிப்போமான்னு ஒரு புத்தி வந்துச்சு. பிள்ளை கையை விடல, இழுத்துக்கிட்டே போனா.

"டீச்சர், இவ அப்பா நான்தான்"னு சொன்னேன். குரல் எனக்கே கேக்கல.

டீச்சர் என்னங்கன்னு தலையைச் சாய்ச்சுக் கேட்டாங்க. ஒரு அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க, சிரிப்போ என்னவோ. பிள்ளை என் கையை ஒரு இழு இழுத்து, டீச்சரை நிமிந்து பாத்துச் சொன்னா:

"கேக்கலயா டீச்சர்? மாமாதான் எங்க அப்பா. அவங்க வந்தாங்க."