கிளினிக் பஸ்ஸும் என் ஓட்டை அரபியும்

நோயாளிகளை ஏற்றி இறக்குகிற டிரைவருக்கு ஸ்டீயரிங்கைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம்.

சவூதியின் ஜுபைலில் எங்கள் தொழிலாளர் கேம்பிலிருந்து கிளினிக்குக் காலை ஆறரைக்கு ஒரு பஸ். பதினோரு வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன். டாக்டர் சூடான்காரர், அரபியும் ஆங்கிலமும் பேசுவார். நம் ஆட்களில் பலருக்கு இரண்டுமே வராது. வேற்று நாட்டில் காய்ச்சலோடு வரிசையில் உட்கார்ந்து, ‘எனக்கு என்ன செய்கிறது என்று இவரிடம் எப்படிச் சொல்வேன்’ என்று திருதிருவென விழித்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வாயு

ஆரம்பத்தில் ஆட்களை இறக்கிவிட்டு நான் பஸ்ஸிலேயே இருப்பேன். ஒருநாள் சிவகங்கைப் பக்கத்து வெல்டர் செல்வராஜ் முதல் ஆளாகத் திரும்பி வந்தார். கூடப் போன பீகார் நண்பர் இந்தியில் சொல்ல, இந்தி தெரிந்த நர்ஸ் அதை டாக்டருக்குச் சொல்ல, கையில் வயிற்று மருந்து பாட்டில். ஏசி ஓடியும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. “என்ன செய்யுது?” என்றேன். “வாயுண்ணே. இடது தோள்ல பிடிச்சு விரல் வரைக்கும் இறங்குது. தாடையை இழுக்குது.”

நம்மூர் வாயு முதுகில் பிடிக்கும், விலாவில் நிற்கும். இந்தியில் அது ‘கேஸ்’ ஆகி வயிற்றோடு நின்றுவிட்டது. கதவைக்கூடத் தட்டாமல் டாக்டர் அறைக்குள் போனேன். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். என் தோளைத் தொட்டு, தாடையைத் தொட்டு, தெரிந்த அரபியையெல்லாம் கொட்டினேன். டாக்டர் கோபப்படவில்லை, எழுந்து பஸ்ஸுக்கே ஓடிவந்தார். ஈசிஜி எடுத்த கையோடு ஆம்புலன்ஸ். இதயத்தில் இரண்டு அடைப்பாம்.

மறுநாள் டாக்டர் தன் மேஜையருகே இன்னொரு நாற்காலி போட்டு, நம் ஆட்கள் சொல்வதை மொழிபெயர்க்க என்னை உட்காரச் சொன்னார். அங்கே இருக்கும்போதே பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து செல்வராஜ் போன் பண்ணினார்: “அண்ணே, பிழைச்சுட்டேன். உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இங்க எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க. ‘ரசஞ்சோறு கிடைக்குமா’ன்னு அரபியில எப்படிக் கேக்கறது?”

பத்துக்கு எத்தனை?

அரியலூர் முருகேசன் சாரம் கட்டுகிறவர். முட்டி வீங்கி, பஸ் படியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறினார். வலி பத்துக்கு எத்தனை என்று டாக்டர் கேட்கச் சொன்னார். கடைசியில் அவருக்குப் பத்து நாள் ரெஸ்ட் கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு முருகேசன் குரலைத் தணித்துச் சொன்ன பதில் இது: “எட்டுன்னா ரெஸ்ட் குடுப்பாங்களா, ஊருக்கு டிக்கெட் குடுப்பாங்களா? அதை முதல்ல கேளுங்கண்ணே. அதுக்கு ஏத்தமாதிரி வலிக்குதுன்னு சொல்றேன்.”

முத்திரை குத்திய சீட்டு

விழுப்புரம் குமாருக்குச் சிறுநீரகத்தில் கல். தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர். முடியாது என்றார் குமார். டேங்க் உச்சியில் வேலை, கழிப்பறைக்கு இறங்கி ஏற அரைமணி ஆகும், ஃபோர்மேன் கத்துவார். அதனால் அந்தக் கேங்கில் எல்லாருமே வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. அதுவும் இந்த வெயிலில்!

நான் சொல்லி முடித்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு சீட்டில் மருந்துக்குக் கீழே ‘இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை’ என்று எழுதி முத்திரை குத்தினார். ஃபோர்மேன் முத்திரைக்குப் பயந்தவர். அடுத்த முறை குமார் சிரித்துக்கொண்டே ஏறினார்: “நோயாளிக்குத் துணை வேணும்னு சொல்லி தடவைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு இறங்கறேன். எங்க கேங்கே இப்ப என் சீட்டுலதாண்ணே ஒண்ணுக்குப் போகுது.”

என் முறை

ஒருநாள் வரிசை முடிந்ததும் டாக்டர் என் கையை நீட்டச் சொன்னார். பிரஷர் எகிறிக் கிடந்தது. தலை சுற்றுகிறதா என்றார். இல்லவே இல்லை என்றேன். பொய்தான். அன்றிலிருந்து தினம் ஒரு மாத்திரை போடுகிறேன், நன்றாக இருக்கிறேன். அதற்குக் காரணம் அவர் சொன்னதுதான்: “உன் ஆட்கள் பொய் சொன்னால் நீ எனக்குக் கண்ஜாடை காட்டுவாய். நீ பொய் சொன்னால் எனக்கு யார் காட்டுவார்?”

என் லைசென்ஸில் பஸ் ஓட்டலாம் என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. மற்ற டியூட்டியைக் கம்பெனியைக் கேட்காமலே போட்டுவிட்ட ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.