மழை வந்தால் விசாரிக்கும் மேயர்

பரிமாற்றத் திட்டத்தில் வரும் வெளிநாட்டுத் தலைவர்களுக்குச் சென்னையைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. அப்படி வந்த ஒரு பெண் மேயர், நரைத்த கிராப்பும் ரப்பர் செருப்புமாக, எங்கே இறங்கினாலும் முதலில் மழைநீர்க் கால்வாயைத்தான் எட்டிப் பார்ப்பார்.

அயனம்பாக்கத்தில் அவர் குனிந்திருந்தபோது, எதிர்வீட்டு அம்மா அதிகாரி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டார். "இன்னா மேடம், மழ பேஞ்சா ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துடுது. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

பதறிப்போய், இவர் வெளிநாட்டு மேயர் என்று விளக்கினேன்.

"அப்ப இவங்க இங்கியே இருக்கட்டும். நம்ம ஆள அங்க அனுப்சிடுப்பா."

தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். மேயர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கள் ஊர்க்காரர்களும் உடனே சம்மதிப்பார்கள்!"

இப்போதும் சென்னையில் மழை என்றால் அவரிடமிருந்து செய்தி வருகிறது: "அந்த அம்மா வீட்டில் தண்ணீர் வடிந்ததா?"

அதைப் போய்ச் சொன்னால் அம்மாவுக்குப் பெருமை தாங்காது. "பாத்தியா? நா அன்னிக்கே இன்னா சொன்னேன்!"