கஸிமியேராவின் திட்டு

வார்சாவில் ஒரு மலிவுச் சாப்பாட்டுக் கடையில் இருபத்தாறு வருஷமாக சூப் ஊற்றுகிறவள் கஸிமியேரா. ஊரை நடந்தே சுற்றிப் பார்க்க வரும் கூட்டத்தைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஒரு கிண்ணம் ஷூரெக் சூப்பை வாங்கி, நாலு பேர் படம் பிடித்துவிட்டு, பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போகிற ஜென்மங்கள்.

ஒருநாள் வழிகாட்டி டோபியாஷ், ராஜாக்களெல்லாம் இங்கேதான் விருந்து சாப்பிட்டார்கள் என்று அளந்துகொண்டிருந்தான். கஸிமியேரா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"எந்த ராஜாடா? உலகச் சண்டையில இடிஞ்சு கெடந்த எடத்துல எங்கப்பன் செங்கல் சுமந்து கட்டினது இது. தின்னுட்டுக் கெளம்புங்க!"

பாஷை புரியாத கூட்டம், இதுவும் சுற்றுலாவில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டியது.

மறுவாரம், அவளிடம் திட்டு வாங்கவென்றே முப்பது பேரைக் கூட்டிவந்தான் டோபியாஷ். அவளோ வாய் நிறையச் சிரித்து, ஒரு வார்த்தை பேசாமல் எல்லாருக்கும் சூப் ஊற்றினாள். கூட்டத்துக்கு முகம் சுண்டிப்போனது.

"கஸிமியேராம்மா, ஒரே ஒரு தடவை திட்டுங்களேன்," என்று கெஞ்சினான்.

"என்கிட்ட திட்டு வாங்க ஒரு தகுதி வேணும்டா. நகரு."

கூட்டம் போனதும், தினமும் வரும் கிழட்டு டிராம் ஓட்டுநரை, ஏன் இவ்வளவு தாமதம் என்று வாயாரத் திட்டினாள்.