மீட்டர் காட்டிய ஆறு ஓம்

அக்காவின் தூக்குப் பாத்திரத்தை முதலாளி மேசைமேல் கவிழ்த்தார். விழுந்தது சோறும் ஒரு துண்டு கருவாடும்தான். தாமிரக் கம்பி ஒரு இழைகூட இல்லை. கம்பி திருடியவள் என்று அவளை மாட்டிவிட்டவன் நான். அவள் திருடவில்லை என்று தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூரில் ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுத்து, எரிந்த ஸ்பீக்கர்களுக்குத் தாமிரக் கம்பியில் புதுச் சுருள், அதாவது காயில், சுற்றிப்போடும் சின்னப் பட்டறை அது. நூம்பலிலிருந்து வேலைக்கு வந்துபோன, நான் அக்கா என்று கூப்பிட்ட பெண்தான் காயில் சுற்றுவாள். ஐ.டி.ஐ. முடித்த நான் இணைப்புக் கொடுத்துச் சோதிப்பேன். முதலாளிக்கு வியாபாரம் தெரியும், கரண்டு சமாசாரம் சுத்தமாகத் தெரியாது. குமணன்சாவடியில் திறக்கப்போகும் கடையை என் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்தில் எங்கள் ஆம்ப் புகைந்து செத்தது. ஸ்பீக்கர்களின் தடை நாலு ஓமுக்குக் கீழே போனால் தாங்காத ஆம்ப். சத்தம் தூக்க வேண்டுமென்ற திமிரில் எட்டு ஓம் ஸ்பீக்கர் பெட்டிகள் நாலையும் பேரலலாகக் கோத்திருந்தேன். ஆம்ப்புக்குக் கிடைத்தது வெறும் இரண்டு ஓம். எரியாமல் என்ன செய்யும்?

முதலாளி கத்தத் தொடங்கியதும் மீட்டரை எடுத்து, அக்கா சுற்றிய ஸ்பீக்கரில் வைத்தேன். முள் ஆறில் நின்றது. எட்டு ஓம் ஸ்பீக்கர் எதுவானாலும் மீட்டரில் ஆறு, ஆறரைதான் காட்டும். மீட்டர் அளப்பது கம்பியின் தடையை மட்டும்; பாட்டு ஓடும்போதுதான் அது எட்டுக்கு வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

"எட்டு இருக்கணும் மொதலாளி, ஆறுதான் கீது. கம்பி கொறஞ்சா இப்டித்தான் காட்டும்" என்றேன். மீதியை அவரே முடித்துக்கொண்டார்.

"இன்னாமே, கம்பிய உருவிக்கினு போயி எடைக்குப் போடுறியா?"

"ஐயோ மொதலாளி, எண்ணி எண்ணித்தான் சுத்துனேன்! தம்பி, நீ படிச்சவன், சொல்லேன்பா!"

"மீட்டர் பொய் சொல்லாதுக்கா" என்றேன். படுபாவி! குரல்கூட நடுங்கவில்லை எனக்கு. அன்றே அவளை வெளியே துரத்தினார்கள்.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். யாரிடமோ கெஞ்சி, பெட்டி பிரிக்காத புது ஸ்பீக்கர் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தாள்.

"இத்த அளந்து காட்டு தம்பி. புதுசும் ஆறுதான் காட்டும்னு ஒருத்தர் சொன்னாரு."

அளந்தேன். ஆறு. அவள் முகம் மலர்ந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மொதலாளிய கூப்புடு, அவரும் பாக்கட்டும். எந்தப் பட்டறைக்குப் போனாலும் திருடின்னு தொரத்துறாங்கப்பா."

"அவரு ஊர்ல இல்லக்கா."

உள்ளறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முதலாளி அந்நேரம் பார்த்து இருமினார். அக்கா கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப, தெரிஞ்சேதான் சொன்னியா?"

"கெளம்புக்கா, வேலை கெடக்குது."

குமணன்சாவடிக் கடை பிறகு எனக்கே சொந்தமாகிவிட்டது. இப்போது ஹோம் தியேட்டர் ரிசீவரும் ஸ்பீக்கரும் வாங்கிப் போகிறவர்களில் சிலர் மீட்டரோடு சண்டைக்கு வருவார்கள். எட்டு ஓம் என்று போட்டு ஆறு காட்டுகிறதே, ஏமாற்றுகிறாயா என்பார்கள். உட்காரவைத்து, டீ வரவழைத்துப் பொறுமையாக விளக்குவேன். தங்கமான மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எப்பேர்ப்பட்டவருக்கும் அதைப் புரியவைக்க எனக்கு இரண்டு நிமிஷம் போதும்.