தாராளம் வளர்த்த பசு

ஆலை கேன்டீனில் அவர் பரிமாறுகிறவர். போதும் என்று தட்டை இழுத்துக்கொண்டாலும் இன்னொரு கரண்டி விழும். அதனால் ஆலை முழுக்க அவருக்குத் தாராளம் என்றுதான் பெயர். மனைவி இறந்தபின் வீட்டில் அவர் கையால் வாங்கித் தின்ன மிஞ்சியது ஒரு பசுதான்.

பசு சினையாகிப் பால் வற்றியிருந்த மாதங்களில் கேன்டீனில் மிஞ்சிய ரொட்டியெல்லாம் கோணிப்பையில் வீட்டுக்கு வந்தது. பகலில் பசுவைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டில் இருந்த தம்பி மனைவி.

"கறக்காத மாட்டுக்கு இவ்வளவு எதுக்கு மாமா? வைக்கோல் போதும்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"வயித்துல கன்னு இருக்கு. உனக்கென்ன தெரியும்?" என்று வாயை அடைத்துவிட்டார். பசு முதுகெலும்பே தெரியாமல் தளதளவென்று ஆனது. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கன்று நல்லபடியாகப் பிறந்தது. தாய்தான் தீவனத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மளமளவென்று இளைத்தது, பாலும் சுண்டிப்போனது. தாராளத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேரே பால் நிலையத்துக்குப் போனார். தன் மாட்டுப் பாலோடு வரிசையில் நின்றிருந்தாள் தம்பி மனைவி.

"என் மாட்டைப் பட்டினி போட்டுட்டியேம்மா! நான் வேலைக்குப் போனதும் தீவனத்தை உன் மாட்டுக்குத்தானே தள்ளுற?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அவள் பாலை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

கால்நடை டாக்டரம்மா வந்து கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்துப் போனார். மறுபடி வந்தபோது சொன்னார்: "ரத்தத்துல சர்க்கரை அடிமட்டத்துல இருக்கு. கொழுப்பு கரையறப்போ சேர்ற கீட்டோன் எக்கச்சக்கம். ஈரல்ல கொழுப்பு அடைஞ்சிருக்கு."

"பட்டினி போட்டா இப்படி ஆகுமாம்மா?"

"பட்டினியா! கன்னு போடறதுக்கு முன்னாடியே கண்டபடி கொழுத்திருக்கு. அப்படிப்பட்ட மாடு கன்னு போட்டதும் சரியா தின்னாது. பாலுக்கு உடம்புக் கொழுப்பு கரையும், கரைஞ்சது ஈரல்ல போய்ச் சேரும். அப்புறம் பசியே எடுக்காது. யாரு இதுக்கு இப்படி அள்ளிப் போட்டது?"

மாட்டின் தலையைப் பிடித்திருந்தவள் தம்பி மனைவிதான். ஒரு விரலை நீட்டினால் போதும். அவள் நீட்டவில்லை, கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைவிட அவள் அறைந்திருக்கலாம் என்றிருந்தது அவருக்கு.

"நான்தான்" என்றார்.

நரம்பில் குளுக்கோஸ் ஏறியது. வாய்வழி மருந்தை வேளை தவறாமல் ஊற்றியவளும் அவளேதான். பசு மெல்ல மேயத் தொடங்கியதும் அவர் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தப்பா பேசிட்டேன்மா. மனசுல வச்சுக்காத."

அவள் பால் கேனைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "திட்டினது ஊரு கேக்க. மன்னிப்பு மட்டும் எங்க வாசல்லயா மாமா?"

சில நாள் பால் நிலையத்துத் திருப்பம் வரை போய்த் திரும்பி வந்தார். அப்புறம் ஒரு காலை பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"என் மாட்டை யாரும் பட்டினி போடல. ரொட்டியா போட்டு நோவை வரவச்சது நான். வேண்டாம்னு சொன்னவமேலயே பழியும் போட்டேன்."

பால் அளக்கிறவர் நிமிர்ந்தார். "அப்போ கொழுப்பு மாட்டுக்கு இல்லண்ணே, உங்களுக்குத்தான்!"

வரிசை கொல்லென்று சிரித்தது. சேர்ந்து சிரித்துவிடலாம் என்று பார்த்தார். வாய் கோணியதுதான் மிச்சம். தம்பி மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"நகருங்க மாமா, பின்னால ஆளு நிக்குது" என்று கேனை மேடையில் வைத்தாள்.

பசு பிழைத்துக்கொண்டது, பால்தான் பழைய அளவுக்கு ஏறவில்லை. தீவனம் போடுவது இப்போது முழுக்க அவள் பொறுப்பு. அவரோடு பேசுகிறாள், மாட்டைப் பற்றி மட்டும்.